கிரெமோனா முறையில் கையால் வயலின் செய்வது எப்படி

கையால் வயலின் செய்ய நினைப்பவர் முதலில் கைவிட வேண்டியது, மேல்பலகையைச் செதுக்குவதிலிருந்து வேலையைத் தொடங்கலாம் என்ற எண்ணத்தை. வட இத்தாலியின் கிரெமோனா நகரில் 16-ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாத்தி வகுத்து, அவருக்குப் பின் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியும் குவார்னேரி குடும்பத்தாரும் கையாண்ட முறையில், வயலின் உள்ளிருந்து வெளிநோக்கி வளர்கிறது. முதலில் ஓர் உள் அச்சு, பிறகு அதைச் சுற்றி வளைத்த பக்கப்பட்டைகள், அந்தப் பட்டைகளைப் பலகையின் மேல் வைத்து வரைந்த கோட்டின்படி மேல்பலகையும் பின்பலகையும் என்பதே வரிசை. ஒவ்வொரு பாகமும் தன் அளவை அதற்கு முந்திய பாகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் சேரும் ஒரு கருவியில், எல்லாவற்றையும் வரைபடத்தின்படி தனித்தனியே வெட்டிக் கடைசியில் ஒன்றுசேர்க்க முயன்றால் எதுவும் எதோடும் பொருந்தாது.

கீழே வரும் அளவுகள் இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் முழு அளவு வயலினுக்கானவை. இழைப்புளியையும் உளியையும் தானே தீட்டிக்கொள்ளத் தெரிந்தவருக்காக இது எழுதப்படுகிறது. தீட்டத் தெரியாதவர் அதை முதலில் பழகிக்கொள்வது நல்லது, ஏனெனில் மழுங்கிய உளி ஸ்ப்ரூஸ் மரத்தை வெட்டாது, நசுக்கிவிடும். தேர்ந்த கைவினைஞருக்கே ஒரு வயலினுக்குச் சுமார் 200 மணி நேர வேலை இருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மரமும் பசையும்

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரமும், பின்பலகை, பக்கப்பட்டை, கழுத்து ஆகியவற்றுக்கு மேப்பிள் மரமும் வேண்டும். கிரெமோனாவின் கைவினைஞர்கள் இன்றும் விரும்பி வாங்கும் ஸ்ப்ரூஸ், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஃபியெம்மே பள்ளத்தாக்கில் வளர்வது. குளிரில் மெதுவாக வளர்வதால் அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருக்கும். மேப்பிள் பெரும்பாலும் பால்கன் நாடுகளிலிருந்து, குறிப்பாகப் பாஸ்னியாவிலிருந்து வருகிறது. அந்த மரத்தில் புலிவரி போலக் குறுக்கே தெரியும் கோடுகள் பார்வைக்கு அழகு சேர்ப்பவை. ஒலிக்கு அவை கட்டாயமல்ல.

வீணைக்குப் பலா மரம் இவ்வளவு நன்றாகப் பொருந்தும்போது வயலினுக்கும் அதையே பயன்படுத்தினால் என்ன என்று நம் ஊரில் பலரும் கேட்பதுண்டு. வில்லின் உரசலிலிருந்து கிடைக்கும் சிறிய ஆற்றலைக் கொண்டு ஒரு பெரிய பரப்பை அதிரச் செய்ய வேண்டியிருப்பதால், மேல்பலகை மிக இலேசாகவும் நீளவாக்கில் மிக விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய 0.4 பங்குதான்; அந்த எடையில் அவ்வளவு விறைப்புத் தரும் மரம் நம் பக்கத்துக் காடுகளில் எளிதில் கிடைப்பதில்லை. பலாவோ தேக்கோ போட்டால் அந்த விறைப்புக்காகப் பலகையைத் தடிமனாக விட வேண்டும், எடை கூடும், ஒலி அடங்கிப்போகும். ஆகவே ஆப்பு வடிவில் பிளந்து உலர்த்திய ஐரோப்பிய மரத்தை வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. விரற்பலகைக்கு வேண்டிய கருங்காலிக்கு மட்டும் நாம் வெகுதூரம் போக வேண்டியிருந்ததில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் கருங்காலி உலகின் உயர்ந்த வகைகளுள் ஒன்றாக நெடுங்காலம் மதிக்கப்பட்டது. இன்று வயலின்களில் காணப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வருவது.

வாங்கிய மரத்தை உடனே வெட்டாமல், வேலை செய்யும் அறையிலேயே சில மாதங்கள் காற்றுப்படும்படி அடுக்கி வைக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ஈரக்காற்றில் ஊதிய நிலையிலுள்ள மேல்பலகையைப் பக்கப்பட்டையோடு ஒட்டிவிட்டால், அந்தக் கருவி பின்னர் குளிரூட்டிய அரங்குக்கோ வறண்ட ஊருக்கோ போகும்போது பலகை குறுக்குவாட்டில் சுருங்க முயலும்; நாற்புறமும் ஒட்டப்பட்டிருப்பதால் சுருங்க வழியில்லாமல் ரேகையோடு பிளந்துவிடும். பெட்டியை மூடும் நாளிலாவது அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

பசை என்பது நம் தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வஜ்ஜிரம்தான், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுப்பது. அதை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தில் வைத்துச் சுமார் 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். கொதிக்க விட்டால் வலுவிழக்கும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளைப் பசையை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. வயலின் தன் வாழ்நாளில் பலமுறை திறக்கப்பட வேண்டிய பெட்டி. வஜ்ஜிரத்தால் ஒட்டிய மேல்பலகையை மெல்லிய கத்தியாலும் சிறிது ஈரத்தாலும் சேதமின்றிப் பெயர்த்து எடுக்கலாம். முந்நூறு ஆண்டுப் பழைய வயலின்கள் இன்றும் மேடையில் ஒலிப்பதற்கு இந்தப் பசைக்கும் பெரும்பங்கு உண்டு.

அச்சும் பக்கப்பட்டைகளும்

ஸ்ட்ராடிவாரி பயன்படுத்திய மர அச்சுகள் கிரெமோனாவின் வயலின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் ‘ஜி’ என்ற எழுத்திட்ட அச்சின் வடிவத்தைப் பின்பற்றித்தான் உலகெங்கும் மிகுதியானோர் செய்கிறார்கள். முதன்முறை செய்பவர் சொந்தமாக ஒரு வடிவத்தை வரைய முயலாமல், நன்கு அறியப்பட்ட ஒரு பழைய கருவியின் வரைபடத்தை எடுத்துக்கொள்வது நல்லது. முடிந்த உடலின் நீளம் 355 மி.மீ. அளவிலும், மேற்புற அகலம் 167 மி.மீ. அளவிலும், கீழ்ப்புற அகலம் 207 மி.மீ. அளவிலும் அமையும். அச்சு இந்த வெளிக்கோட்டைவிட எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 3.5 முதல் 4 மி.மீ. உள்வாங்கி இருக்க வேண்டும். பட்டையின் கனமும், பட்டையைத் தாண்டிப் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பும் சேர்ந்து அந்த வேறுபாட்டை நிரப்பும்.

அச்சை 13 முதல் 15 மி.மீ. கனமுள்ள நல்ல ஒட்டுப்பலகையில் வெட்டி, அதன் விளிம்பு மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று சுற்றிலும் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தலைப்பகுதி, அடிப்பகுதி, நான்கு மூலைகள் ஆகிய ஆறு இடங்களில் கட்டைகள் உட்காரப் பள்ளம் வெட்டி, வில்லோ அல்லது ஸ்ப்ரூஸ் கட்டைகளை அவற்றில் ஒரே ஒரு சொட்டுப் பசையால் நிறுத்த வேண்டும். அச்சு பின்னர் வெளியேறிவிடும். கட்டைகள் வயலினுக்குள்ளேயே தங்கிவிடும்.

பக்கப்பட்டை 1 மி.மீ. கனமுள்ள மேப்பிள். அதை இலேசாக ஈரப்படுத்தி, சூடேற்றிய வளைப்பு இரும்பின் மேல் அழுத்தி வளைக்க வேண்டும். தண்ணீர்த் துளி பட்டவுடன் சுரீரென்று ஆவியாகும் சூடு போதும். வரிக்கோடுகள் மிகுந்த மேப்பிள் அந்தக் கோட்டிலேயே முறியும் இயல்புடையது என்பதால், பட்டையின் வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய தகட்டை வைத்துத் தாங்கிக்கொண்டே வளைக்க வேண்டும். மரம் இளகும் கணத்தைக் கை உணரும். அதற்கு முன்னால் அழுத்தினால் முறிவது உறுதி. இடைப்பகுதியின் இரண்டு பட்டைகளை முதலில் ஒட்டி, பிறகு மூலைக்கட்டைகளின் வெளிமுகத்தை வளைவாகச் செதுக்கி, அதன் பின்னரே மேல், கீழ்ப் பட்டைகளை ஒட்ட வேண்டும். பசை காய்ந்ததும், சமதளப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் முழுச் சட்டத்தையும் தேய்த்து, அடிப்பகுதியில் 32 மி.மீ. உயரமும் கழுத்துப் பக்கத்தில் 30 மி.மீ. உயரமும் வரச் செய்ய வேண்டும். பின்பலகை உட்காரப்போகும் பக்கத்தில் மட்டும், பட்டையின் உள்விளிம்பை ஒட்டி 2 மி.மீ. கனமும் 7 மி.மீ. உயரமும் உள்ள வில்லோ நாடாக்களை இப்போது ஒட்டலாம். மறுபக்கத்து நாடாக்களையும் இப்போதே ஒட்டிவிட்டால் அச்சை வெளியே எடுக்க முடியாமல் போகும்.

நடுமூட்டு

மேல்பலகை ஆப்பு வடிவான இரண்டு பாதிகளால் ஆனது. ஒரே துண்டைப் பிளந்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்து, தடித்த பக்கங்களை நடுவில் சேர்க்கிறோம். வயலின் வேலையில் தச்சனின் கைத்திறனை மறைக்க வழியே இல்லாத இடம் இந்த மூட்டு. நீளமான இழைப்புளியைப் பிடியில் கவிழ்த்துப் பொருத்தி, மரத்தை அதன் மேல் தள்ளி இழைப்பது பலருக்கு எளிதாக இருக்கும். சீவல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல், ஒரே கனத்தில், ரிப்பனாக வர வேண்டும். பிறகு இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது ஒளி கசிந்தால் மீண்டும் இழைக்க வேண்டும். ஒளி கசியாவிட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை; மேல்பாதியை ஒரு முனையில் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால், நடுவில் மேடிருக்கும் மூட்டு அந்த மேட்டின் மேல் சுழலும், சரியான மூட்டு முனைகளில் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும்.

ஒட்டும்போது இரண்டு முகங்களையும் சிறிது சூடாக்கி, சூடான மெல்லிய பசையைப் பூசி, ஒன்றை ஒன்றின் மேல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தேய்த்தால், பசை இறுகத் தொடங்கிக் கையிலேயே பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் வரை தொடக்கூடாது. ஐரோப்பியக் குளிரில் பசை சில விநாடிகளில் உறைந்துவிடுவதால் அவர்கள் அவசரப்பட வேண்டியிருக்கிறது. நம் வெயிலில் சற்று நேரம் கிடைக்கும் என்பது ஒரு வசதி. பின்பலகையை ஒரே துண்டிலும் செய்யலாம், இரண்டு துண்டிலும் செய்யலாம். ஸ்ட்ராடிவாரி இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார்.

பலகைகளின் வடிவமும் வளைவும்

பலகையின் அடிமுகத்தைச் சமதளமாக்கி, பக்கப்பட்டைச் சட்டத்தை அதன் மேல் வைத்து, 2.5 மி.மீ. அகல விளிம்புள்ள சிறிய வாஷர் ஒன்றின் துளையில் பென்சில் முனையை நுழைத்துச் சட்டத்தைச் சுற்றி உருட்டினால், பலகையின் வெளிக்கோடு கிடைத்துவிடும். சட்டம் சிறிது கோணலாக வந்திருந்தால் வெளிக்கோடும் அதே கோணலோடு வரும். கிரெமோனாவின் பழைய கருவிகளில் இடமும் வலமும் அச்சுப் பிசகாமல் ஒத்திருப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோட்டுக்குச் சற்று வெளியே ரம்பத்தால் அறுத்து, கத்தியாலும் அரத்தாலும் கோடு வரை கொண்டுவர வேண்டும். பின்பலகையின் தலைப்பகுதியில், கழுத்தின் அடி ஒட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் அரைவட்டத்தை மறந்து அறுத்துவிடக் கூடாது.

வளைவு என்பது மரத்தை வளைத்துப் பெறுவதன்று, தடித்த பலகையிலிருந்து குடைந்து எடுப்பது. மேல்பலகையின் நடு உயரம் 15 முதல் 16 மி.மீ., பின்பலகையின் நடு உயரம் சுமார் 15 மி.மீ.; விளிம்பின் கனம் 4 மி.மீ., மூலைகளில் சற்றுக் கூடுதல். வாய் வளைந்த பெரிய உளியால் ரேகைக்குக் குறுக்கே செதுக்கத் தொடங்கி, கட்டைவிரல் அளவே உள்ள பித்தளை இழைப்புளிகளால் உளித் தடங்களைச் சமப்படுத்தி, கடைசியாக எஃகுத் தகட்டால் சுரண்டி முடிக்க வேண்டும். உப்புத்தாளை இங்கே கையிலெடுக்காமல் இருப்பது நல்லது. அதன் தூள் மரத்தின் நுண்துளைகளை அடைத்து, வார்னிஷ் பூசிய பின் மரத்தை மங்கலாகக் காட்டும். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைப் பலகையின் மட்டத்தில் பக்கவாட்டில் வைத்தால், விரலுக்கும் தட்டுப்படாத மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும். வளைவுக்கு வார்ப்புத் தகடுகள் இருக்கின்றன. அவை முதல் கட்டத்துக்குத்தான். முடிவைச் சொல்வது இந்த நிழல்.

அடுத்தது விளிம்பை ஒட்டி ஓடும் கறுப்பு, வெள்ளை, கறுப்புக் கோடு. பர்ஃப்ளிங் எனப்படும் இது வரைந்ததன்று. மூன்று மெல்லிய மர நாடாக்களை ஒட்டிப் பதித்தது. பார்வைக்கு அலங்காரம்; வேலையோ காவல். விளிம்பில் அடிபட்டுத் தோன்றும் வெடிப்பு, ரேகையின் வழியாகப் பலகையின் நடுவுக்கு ஓடாமல் இந்த இடத்தில் நின்றுவிட வாய்ப்புண்டு. விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே, இரட்டை அலகுள்ள குறிப்பானால் இரண்டு கோடுகளைக் கீறி, கத்தியால் அவற்றை 2 மி.மீ. ஆழப்படுத்தி, இடையிலுள்ள மரத்தை ஊசி போன்ற உளியால் பெயர்த்தெடுக்க வேண்டும். கால்வாயின் அகலம் 1.2 முதல் 1.3 மி.மீ.; நாடா கைவிரலால் அழுத்தினால் இறங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் அது குறுகல்.

மூலையில் இரண்டு நாடாக்கள் சந்திக்கும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் நேர்நடுவில் சேராமல், கூர்முனை மூலையின் உட்பக்கமாகச் சாய்ந்து, தேனீயின் கொடுக்கைப்போல நீண்டு முடிய வேண்டும். இதற்குக் கால்வாயின் முனையை முதலில் கத்தியால் அந்தத் திசையில் நீட்டிவிட்டு, இரண்டு நாடாக்களின் முனைகளையும் மிகக் கூரிய உளியால் சாய்வாக வெட்டி, பசையில்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். சந்திப்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் வார்னிஷ் அதை இருண்ட புள்ளியாக்கிக் காட்டும். வயலின் செய்பவர்கள் ஒருவர் வேலையை மற்றொருவர் மதிப்பிடும்போது முதலில் பார்ப்பது இந்த எட்டு மூலைகளையும் தலையிலுள்ள சுருளையும்தான். நாடா பதிந்து காய்ந்த பின், விளிம்பைச் சுற்றி மெல்லிய வாய்க்கால் போலக் குடைந்து, அதை உள்வளைவோடு இணைத்துவிட வேண்டும்.

உள்ளே குடைதல், எஃப் துளைகள், பேஸ் பார்

வெளிவளைவு முழுமையாக முடிந்த பின்னரே உட்புறத்தைத் தொட வேண்டும். மேல்பலகை முழுவதும் 2.5 முதல் 3 மி.மீ. கனத்துக்குள் ஏறக்குறையச் சீராக இருக்கலாம். பின்பலகை அப்படியன்று, நடுவில் 4.5 மி.மீ. கனத்தோடு தொடங்கி, மேலும் கீழும் உள்ள அகன்ற பகுதிகளின் ஓரத்தில் 2.5 மி.மீ. வரை மெலிந்து செல்ல வேண்டும். வேலையை விரைவாக்க, வேண்டிய கனத்தைவிட அரை மி.மீ. கூடுதலாக விட்டுப் பல இடங்களில் ஆழம் கட்டிய துளைகள் இட்டு, அந்தத் துளைகள் மறையும்வரை உளியால் செதுக்குவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுரண்டலுக்கும் இடையில் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும்.

இந்த எண்களை மந்திரமாகக் கொள்ளக் கூடாது. ஒரே காட்டிலிருந்து வந்த இரண்டு ஸ்ப்ரூஸ் துண்டுகள் அடர்த்தியிலும் விறைப்பிலும் வேறுபடும். விறைப்பான துண்டு மெல்லியதாக இருக்கலாம், தளர்ந்த துண்டில் கூடுதலாக விட வேண்டும். பலகையின் இரு முனைகளையும் கையில் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்ப்பதும், காதருகே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிக் கேட்பதும் அதற்காகவே. தட்டினால் தெளிவான, நீடித்த ஒலி வர வேண்டும். எந்தச் சுரத்தில் ஒலிக்க வேண்டும் என்று விதி கட்டுவோரும் உண்டு, அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. மேல்பலகையில் ‘f’ எழுத்தின் வடிவில் வெட்டும் எஃப் துளைகளும், அதன் அடியில் ஒட்டும் பேஸ் பார் என்ற சட்டமும் முடிந்த பின், மேல்பலகை 65 முதல் 75 கிராமுக்குள் நின்றால் போதுமானது.

எஃப் துளைகளின் இடத்தைத் தீர்மானிப்பது ஒரே ஓர் அளவு. பலகையின் மேல்விளிம்பிலிருந்து 195 மி.மீ. தொலைவில், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு நிற்கும் கோடு வருகிறது. துளைகளின் உட்பக்கத்துச் சிறு வெட்டுகள் அந்தக் கோட்டில் அமைய வேண்டும். கழுத்தின் நீளம் 130 மி.மீ. என்பதால் கழுத்துக்கும் உடலுக்கும் 2:3 என்ற விகிதம் கிடைக்கிறது; வாசிப்பவரின் கை எந்த வயலினை எடுத்தாலும் சுரத்தானங்களை அதே இடத்தில் கண்டுபிடிப்பது இந்த விகிதத்தால்தான். மேல்வட்டங்களுக்கு இடையில் 42 மி.மீ. விட்டு, வட்டங்களை முதலில் துளைத்து, தண்டை நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, கத்தியால் முடிக்க வேண்டும். ஸ்ப்ரூஸின் ரேகை கத்தியை இழுத்துக்கொண்டு போகும்; வெட்டும் திசையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

பேஸ் பார் என்பது மேல்பலகையின் அடியில், குதிரையின் இடக்கால் நிற்கும் இடத்துக்குக் கீழே, நீளவாக்கில் ஒட்டப்படும் ஸ்ப்ரூஸ் சட்டம். நீளம் சுமார் 270 மி.மீ., கனம் 5.5 மி.மீ., குதிரைக்கு நேர்கீழே உயரம் 12 மி.மீ. அளவு. வளைந்த உட்பரப்பில் அது முழுவதும் படிய வேண்டும். பலகையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, சட்டத்தை அதன் மேல் அழுத்தி எடுத்தால், வெள்ளை ஒட்டிய இடங்கள் மேடு. அவற்றை மட்டும் சீவ வேண்டும். சட்டத்தின் அடி முழுவதும் ஒரே சீராக வெள்ளை படும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை இழந்தவர் இடுக்கிப் பிடியின் அழுத்தத்தால் இடைவெளியை மூடப் பார்ப்பார், அந்த அழுத்தம் பிறகு பலகையின் வளைவைக் கெடுக்கும்.

பெட்டியை மூடுதல்

பின்பலகையைப் பட்டைச் சட்டத்தோடு ஒட்டிக் காய்ந்ததும், கட்டைகளை அச்சோடு பிணைத்திருந்த பசைச் சொட்டுகளை மெல்லிய உளியால் உடைத்து, அச்சைத் தூக்கி எடுத்துவிட வேண்டும். மேற்பக்கத்து நாடாக்களை இப்போது ஒட்டி, கட்டைகளின் உட்புறத்தை வளைவாகச் செதுக்கி, செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய சீட்டை எஃப் துளை வழியே தெரியும் இடத்தில் பின்பலகையின் உள்ளே ஒட்ட வேண்டும். மேல்பலகைக்கு மட்டும் நீர்த்த பசை. பின்னொரு நாள் பழுது பார்ப்பவர் திறக்கும்போது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டிய மூட்டு அதுதான். விளிம்பைச் சுற்றிலும் முப்பதுக்கும் குறையாத சிறு பிடிகளைப் போட்டு இறுக்கும் வேலையை ஒருமுறை பசையில்லாமல் ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

கழுத்தும் தலைச் சுருளும் ஒரே மேப்பிள் கட்டையிலிருந்து வருகின்றன. வார்ப்பை வைத்து ஊசியால் புள்ளியிட்டு வடிவத்தைக் கட்டையில் இறக்கி, ரம்பத்தால் தொடுகோடுகளாக அறுத்து, உளியால் சுருளை ஒவ்வொரு சுற்றாக உருட்டி எடுக்க வேண்டும். ஒலிக்கும் சுருளுக்கும் தொடர்பில்லை. 23.5 மி.மீ. அகலத்தில் தொடங்கி 42 மி.மீ. அகலத்தில் முடியும் 270 மி.மீ. நீள விரற்பலகையைக் கழுத்தின் மேல் இப்போதைக்கு இரண்டு மூன்று சொட்டுப் பசையால் நிறுத்தலாம். வார்னிஷ் பூசும்போது அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஸ்ட்ராடிவாரியின் காலத்தில் கழுத்தை உள்ளிருந்து இரும்பாணி அடித்துத் தலைக்கட்டையோடு பிணைத்தார்கள். இன்று தலைக்கட்டையில் 5 முதல் 6 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கழுத்தை அதற்குள் இறக்குகிறோம். ஒரே நேரத்தில் நான்கு அளவுகள் சரியாக வர வேண்டும்: கழுத்தின் நீளம் 130 மி.மீ., விரற்பலகையின் அடிமட்டம் மேல்பலகை விளிம்புக்கு மேல் 6 மி.மீ., விரற்பலகையின் கோட்டை நீட்டினால் குதிரை நிற்கும் இடத்தில் 27 மி.மீ. உயரம், பின்னாலிருந்து பார்த்தால் கழுத்து உடலின் நடுக்கோட்டில். ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று நகரும் என்பதால், ஒருநாள் முழுவதையும் இதற்கென்று ஒதுக்கிக்கொள்வது தவறாகாது.

வார்னிஷ்

வார்னிஷைப் பற்றிப் புனையப்பட்ட கதைகளுக்கு அளவில்லை. ஸ்ட்ராடிவாரியின் கருவிகள் சிலவற்றை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, மரத்தில் ஊறிய உலரும் எண்ணெயும், அதன் மேல் எண்ணெயும் பைன் பிசினும் கலந்த நிறமூட்டிய படலமும்தான் தெரிந்தன; அந்தக் கால ஓவியர்களிடமும் தச்சர்களிடமும் இருந்த பொருள்களே அவை. எண்ணெய் வார்னிஷ் பிடிக்காதவர்கள் அரக்கை எரிசாராயத்தில் கரைத்துப் பூசலாம். அது விரைவில் உலரும், ஆனால் தூரிகைத் தடம் விழாமல் பூசக் கை பழக வேண்டும்.

பூசுவதற்கு முன் வெள்ளை மரத்தைச் சில வாரங்கள் வெயில் காயவைத்துப் பொன்னிறமாக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்குப் புற ஊதா விளக்குப் பெட்டி கட்டுகிறார்கள். நமக்கு அது தேவையில்லை; காலை வெயில் போதும், சித்திரை உச்சி வெயிலில் தொங்கவிட்டால் மூட்டுகள் விட்டுவிடும். பிறகு மரத்தின் துளைகளை அடைக்கும் ஓர் அடிப்பூச்சு. இல்லாவிட்டால் நிறம் ஸ்ப்ரூஸின் மென்மையான பகுதிகளில் ஊறித் திட்டுத்திட்டாகிவிடும். ஆளிவிதை எண்ணெயும் பைன் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷில், மேடர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பைக் கலந்து, மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். கை பிடிக்கும் கழுத்துப் பகுதிக்கு வார்னிஷ் வேண்டாம், சிறிது எண்ணெய் போதும்.

குதிரை, சவுண்ட் போஸ்ட், தந்திகள்

நல்ல பெட்டியையும் மோசமாக ஒலிக்கச் செய்துவிடக்கூடிய கட்டம் இது. சவுண்ட் போஸ்ட் என்பது மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், பசையில்லாமல், பொருத்தத்தால் மட்டுமே நிற்கும் 6 மி.மீ. குறுக்களவுள்ள ஸ்ப்ரூஸ் குச்சி. குதிரையின் வலக்காலுக்கு 2 முதல் 3 மி.மீ. பின்னால் அது நிற்க வேண்டும். ‘எஸ்’ வடிவக் கம்பியின் கூர்முனையில் குச்சியைக் குத்தி, எஃப் துளை வழியாக உள்ளே நுழைத்து நிறுத்தி, அடிப்பகுதியில் பிருடை (தந்தியை முறுக்கும் முளை) போன்ற ஆணி செருகும் துளையில் கண்ணை வைத்து, குச்சியின் இரண்டு முனைகளும் வளைந்த பரப்புகளில் முழுவதும் படிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒளிக்கீற்று தெரிந்தால் எடுத்து மீண்டும் சீவ வேண்டும். தந்தி ஏற்றாத நிலையில் அது விழாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும். நீளமாக இருந்தால் மேல்பலகையைத் தூக்கிப் பிளக்கும்.

குதிரையை மேப்பிளில் வெட்டியே விற்கிறார்கள்; அதன் கால்களை மேல்பலகையின் வளைவுக்குச் சீவிப் பொருத்துவதும், மேல்விளிம்பை 1.3 மி.மீ. கனத்துக்கு மெலிப்பதும் நம் வேலை. விரற்பலகையின் முனையில் மெல்லிய தந்திக்குக் கீழே 3.5 மி.மீ., தடித்த தந்திக்குக் கீழே 5.5 மி.மீ. இடைவெளி என்பது மேற்கத்திய வாசிப்புக்கு ஏற்ற பொது அளவு. கர்நாடக இசைக்கு வாசிப்பவர் தரையில் அமர்ந்து, சுருளை வலக் கணுக்காலில் தாங்கி, தந்திகளை ச-ப-ச-ப என்று இன்னும் தாழ்ந்த சுருதியில் கூட்டி, விரலைத் தந்தியில் நீளமாக இழுத்துக் கமகம் எழுப்புகிறார். தந்தியின் இறுக்கம் குறைவதால் குதிரையின் உயரத்தையும் தந்தியின் தடிமனையும் அவரை எதிரில் அமர்த்தி, அவர் சுருதியில் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் முடிவு செய்வதே சரி.

பிருடைகளும் அவற்றின் துளைகளும் 30-க்கு 1 என்ற சரிவில் பொருந்த வேண்டும். தந்திகளை ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் குதிரை விரற்பலகைப் பக்கம் சாயும், அதை இரு கைகளாலும் பிடித்து நேராக்க வேண்டும். நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை 22 கிலோவை எட்டும்போது மேல்பலகை இலேசாக அமிழ்ந்து, கழுத்து சிறிது முன்னோக்கி வந்து, காலையில் கூட்டிய சுருதி மாலைக்குள் இறங்கியிருக்கும். முதல் சில வாரங்களுக்கு இது இயல்பு. அந்த வாரங்களில் கருவியை நாள்தோறும் வாசிக்க வேண்டும். அதன் பின்னரே தந்தியைத் தளர்த்தி, சவுண்ட் போஸ்ட்டை அரை மி.மீ. அளவில் நகர்த்திக் கேட்கத் தொடங்கலாம். குதிரைக்கு அருகில் கொண்டுவந்தால் ஒலி கூர்மையாகும், விலக்கினால் இளகும். பெட்டி அமிழ்ந்து நிலைகொண்ட பிறகு பழைய குச்சி தளர்ந்துபோயிருந்தால், சற்று நீளமான புதியதொன்றை வெட்டிப் போட வேண்டியிருக்கும்.